ஒரு குன்றுக்கு ஒரு பிகோனியா

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பத்துமலைப் படி ஏறாதவர்கள் நம்மில் குறைவு. 272 படிகள். பாதியில் மூச்சு வாங்கி ஓரமாக நிற்போம் அல்லவா? அடுத்த முறை அப்படி நிற்கும்போது மலையை ஒரு நிமிடம் பாருங்கள். வெளிறிய சாம்பல் நிறப் பாறை, அதன்மேல் நீர் வடிந்து வடிந்து கறுத்த கோடுகள். ஒரு பிடி மண்கூட இல்லாத வெடிப்புகளில் பச்சை பச்சையாகச் செடிகள் தொங்கும். அது சுண்ணாம்புப் பாறை. வெற்றிலையில் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பின் தாய். ஈப்போவில் உயிரியல் ஆசிரியராக நான் வேலை பார்த்த காலமெல்லாம் இந்தக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். பிடித்த ஒரு செடியைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டவுடன் என் மனம் சுண்ணாம்புப் பாறைக்குத்தான் போனது. ஆனால் நம் மலேசியப் பாறைக்கு அல்ல. சீனாவின் தெற்கே, வியட்நாம் எல்லையை ஒட்டி, குவாங்சி மாநிலத்தில் லோங்சோ என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் ஒரு காட்டுப் பிகோனியாவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அதன் பெயர் பிகோனியா ஃபெராக்ஸ். 2013-இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தது. ஃபெராக்ஸ் என்றால் லத்தீனில் மூர்க்கமானது என்று பொருள். ஒரு சாதுவான செடிக்கு ஏன் இந்தப் பெயர் என்று நானும் யோசித்தேன், ஒரு நண்பர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை நேரில் பார்க்கும்வரை. நாற்றுப்பண்ணையில் இலை வைத்து வளர்த்த செடி அது. இலை, பிகோனியாக்களுக்கே உரிய கோணல் இதயம்: ஒரு பக்கம் பெரிது, மறு பக்கம் சிறிது. அந்தப் பச்சை இலைமேல் நெருக்கமாகக் கூம்புகள் எழுந்து நிற்கின்றன. பலாப்பழத் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு முள்ளும் கறுத்த செம்மை நிறம். கண்ணாடியோடு கண் ஒட்டிப் பார்த்தால் கூம்பின் நுனியில் மெல்லிய சிவந்த மயிர் தெரியும். தொட்டால் குத்தும் என்றுதான் தோன்றும். நண்பர் மூடியைத் திறந்து தொடச் சொன்னார். குத்தவில்லை. ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இளஞ்செடியின் இலையில் இந்தக் கூம்புகள் கிடையாது. தட்டையான, சாதாரணமான இலை. செடி வளர்ந்த பிறகு வரும் இலைகளில்தான் கூம்புகள் எழும்புகின்றன. காட்டில் ஒரு சின்னச் செடியைப் பார்க்கிறவர் இது வேறு ஏதோ என்று தாண்டிப் போய்விடுவார்.

பிகோனியாக்கள் உலகில் 2,000 இனங்களுக்கும் மேல் இருக்கின்றன. பூக்கும் செடிகளில் இவ்வளவு பெரிய பேரினங்கள் வெகு சில. நம் வீட்டு வாசல் தொட்டியில் பூப்பதும் அதில் ஒன்றுதான். அப்படியிருக்க, குவாங்சியிலும் வடக்கு வியட்நாமிலும் மட்டும் ஏன் குன்றுக்குக் குன்று புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறது? விடை, செடியிலும் இருக்கிறது, பாறையிலும் இருக்கிறது.

முதலில் பாறை. இந்தக் குன்றுகளை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சீனாவின் 20 யுவான் நோட்டின் பின்புறம் ஆற்றங்கரையில் கூம்பு கூம்பாக நிற்கும் மலைகள் குவாங்சியின் மலைகளே. மழைநீரில் கரையும் பாறை என்பதால் காலம் அதைத் தனித்தனிக் குன்றுகளாக அறுத்துவிட்டது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே வயல், ஆறு, சமவெளி. நமக்கு அது பத்து நிமிட நடை. பாறை வெடிப்பில் மட்டுமே வாழத் தெரிந்த செடிக்கோ, அது கடல். ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு.

அந்தத் தீவில் வாழ்வதும் எளிதல்ல. கொட்டுகிற மழை அப்படியே ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கிவிடும். மழை நின்றால் பாறை காய்ந்துபோகும். மண் மெல்லியது, சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. ஆகவே இந்தப் பிகோனியாக்கள் குகை வாயிலையும் நிழல் விழும் பாறை முகத்தையும் தேடிக்கொண்டன. இஞ்சியைப் போலப் படுத்து வளரும் தண்டு வெடிப்புக்குள் கால் ஊன்றி, கொஞ்சம் நீரைச் சேர்த்துவைத்து, இலைகளை மட்டும் வெளியே நீட்டுகிறது.

இனி செடியின் பங்கு. பிகோனியாவில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இரண்டும் ஒரே செடியில் பூக்கும். ஆண் பூவில் மகரந்தம் உண்டு. பெண் பூவில் பூச்சிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பெண் பூவின் நடுவே முறுக்கி நிற்கும் மஞ்சள் சூல்முடி, தூரத்தில் பார்த்தால் மகரந்தக் கொத்தைப் போலவே இருக்கும். தேனீ நம்பி வந்து இறங்கும், ஏமாந்து போகும். போகிற போக்கில் காரியம் முடிந்துவிடும். அப்புறம் விதை. தூசிபோல அவ்வளவு சிறியது. பறக்கும் என்று நினைப்போம். காற்று நுழையாத குகை வாயிலில் எங்கே பறப்பது? பெரும்பாலும் தாய்ச்செடிக்குப் பக்கத்திலேயே விழுந்து முளைக்கிறது. தலைமுறை தலைமுறையாக வெளியே போகாத குடும்பம் தனக்கென்று ஒரு முகச்சாயல் கொண்டுவிடுவதுபோல, ஒவ்வொரு குன்றின் பிகோனியாவும் மெல்ல மெல்ல வேறாகிப்போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் வியட்நாமின் காவ் பாங் மாகாணத்தில் ஃபெராக்ஸுக்கு உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார், மெலனோபுல்லாட்டா. அதற்கும் கறுத்த புடைப்புகள்தாம். பெயர் வைத்தது 2015-இல்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். தைவானின் அகாதெமியா சினிக்கா என்ற ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய தாவரவியலர் பெங் சிங்-யி. 2018-இல் காலமானார். குவாங்சியின் தாவரவியலர்களோடு சேர்ந்து அவர் குன்றுகளில் தேடினார். உலர்ந்த மாதிரியை மட்டும் நம்பவில்லை. சேகரித்த உயிர்ச்செடிகளைத் தைப்பேயின் பசுமைக்குடிலில் வளர்த்து, பூக்கவிட்டு, காய்க்கவிட்டு, மரபுப் பண்புகளைச் சுமக்கும் நிறப்புரிகளை, அதாவது குரோமோசோம்களை, எண்ணிப் பார்த்தார். ஃபெராக்ஸுக்கு 30. காய்ந்த பிகோனியா இலையை நீங்கள் பார்த்திருந்தால் அவர் ஏன் இப்படிச் செய்தார் என்று புரியும். நீர் நிறைந்த சதை. அழுத்தி உலர்த்தினால் நிறமும் போய்விடும், கூம்பும் படிந்துவிடும். உயிரோடு பார்த்தால்தான் அது யார் என்று தெரியும். இந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது, செடி அதுபாட்டுக்கு வளராதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நான் அவர்களுக்குப் பாகாங் மாநிலத்தில் குவாந்தானுக்குப் பக்கத்திலிருந்த புக்கிட் பாஞ்சிங் குன்றைச் சொல்வேன். சுண்ணாம்புக் குன்று. சிமெண்டுக்கு மூலப்பொருளே இந்தப் பாறைதானே. உடைத்தார்கள், உடைத்தார்கள், குன்று இருந்த இடத்தில் இப்போது குழிதான் இருக்கிறது. அந்த ஒரே குன்றில் வாழ்ந்த சின்னஞ்சிறு நத்தை, பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம், முற்றாக அழிந்துவிட்டது என்று 2014-இல், அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஐ.யூ.சி.என். அமைப்பின் சிவப்புப் பட்டியல் அறிவித்தது. பெயர் இருந்ததால்தான் எதை இழந்தோம் என்றாவது நமக்குத் தெரிகிறது. பெயர் வைக்கும் முன்பே எத்தனை நத்தை, எத்தனை பிகோனியா வீட்டுச் சுவராகவும் சாலையாகவும் மாறிப்போயிருக்கும்? அதை நினைக்கும்போது எனக்குத் துக்கமாக இருக்கிறது. வேறெந்தக் காட்டில் மரம் வெட்டினாலும் பக்கத்துக் காட்டில் அதே மரம் இருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே அந்தத் தேறுதலுக்கு இடமில்லை. குன்று போனால் இனமே போயிற்று.

பெயர் வைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 1999-இல் வடக்கு வியட்நாமின் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து ஓர் அழகான ஆர்க்கிட் செடிக்குப் பெயர் வைத்தார்கள், பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்று. செய்தி பரவியது. சில ஆண்டுகளுக்குள் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகக் காட்டிலிருந்து ஏறக்குறைய முழுவதையும் வழித்தெடுத்துவிட்டார்கள். ஃபெராக்ஸைப் போன்ற விசித்திரமான இலைக்கு ஆசைப்படுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அழகாக இருக்கும் புதிய இனம் எந்தக் குன்றில், எந்தக் குகை வாயிலில் இருக்கிறது என்பதை ஊரறியச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மலையேறப் போகும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வேன். படம் எடுங்கள், இடத்தைப் போடாதீர்கள்.

பிகோனியாவை வளர்க்க ஆசைப்படுகிறவர் காட்டைத் தொடவே தேவையில்லை, நேயர்களே. ஓர் இலை போதும். ஈரமணல்மேல் இலையைப் பரப்பி, தடித்த நரம்புகளில் சின்னச் சின்னக் கீறல் போட்டு, மூடி வைத்தால் கீறிய இடத்தில் வேர் விடும், குட்டிச் செடி எழும். நண்பர் எனக்கும் அப்படி ஃபெராக்ஸின் இலைத்துண்டு ஒன்று கொடுத்தார். பழைய மிட்டாய்ப் புட்டியில் வைத்திருக்கிறேன். பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நகக்கண் அளவில் ஓர் இலை வந்தது, அடுத்து இன்னொன்று. எல்லாம் தட்டை, எல்லாம் வெறும் பச்சை. தப்பான செடியைக் கொடுத்துவிட்டாரோ என்றுகூட என் மனைவி கேட்டார். போன செவ்வாய்க்கிழமை காலை புட்டியைத் துடைக்கும்போது பார்த்தேன். ஆறாவது இலையின் நடுவில், குண்டூசித் தலை அளவுக்கு, கறுப்பாக ஒன்று எழும்பியிருக்கிறது.

நன்றி, வணக்கம்.