எஃகுக் கட்டடம்: தீயின்போதும், தீ அணைந்த பிறகும்

நேயர்களுக்கு வணக்கம்.

எஃகு உருகினால்தான் கட்டடம் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். எஃகு உருக ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். கட்டடத்தில் பிடிக்கும் தீ அந்த அளவுக்குப் போவதில்லை. 400 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் எஃகு, 600 டிகிரியில் பாதி வலிமையை இழந்துவிடும். 700 டிகிரியில் கால்பங்குகூட மிஞ்சாது. பாதுகாப்புப் பூச்சு இல்லாத சாதாரண பீம் அந்தச் சூட்டை அரை மணி நேரத்துக்குள்ளேயே எட்டிவிடும்.

வலிமை குறைவதற்கு முன்பே இன்னொரு தொல்லை தொடங்கிவிடுகிறது. 9 மீட்டர் பீம் 600 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நீளும். இரு முனையிலும் தூண் இருக்க, நீள்வதற்கு இடம் ஏது? தூணை வெளியே தள்ளும். அது நகராவிட்டால் பீமின் கீழ்ப்பட்டை முனைக்கருகே நசுங்கி மடியும். 2001இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 7ஆம் கட்டடம் சரிந்ததற்கும் இதுதான் தொடக்கம் என்று அமெரிக்க அரசின் விசாரணை முடிவு செய்தது. சூட்டில் நீண்ட பீம்கள், தங்களைத் தாங்கிய ஒரு முக்கிய உத்தரத்தை (பெரிய பீமை) அது உட்கார்ந்திருந்த தாங்கியிலிருந்து தள்ளிவிட்டன.

நமக்கு நிறையக் கற்றுத்தந்தது இங்கிலாந்தின் கார்டிங்டன் சோதனை. பழைய ஆகாயக் கப்பல் கொட்டகைக்குள் எட்டு மாடி எஃகுக் கட்டடத்தை முழு அளவில் எழுப்பி, 1995, 1996 ஆண்டுகளில் கொளுத்திப் பார்த்தார்கள். ஒரு சோதனையில் பூச்சில்லாத பீம்கள் 1100 டிகிரியைத் தாண்டின. தளம் 64 சென்டிமீட்டர் தொங்கியது, ஆனாலும் விழவில்லை. பீம் தளர்ந்த பிறகு, கம்பிவலை போட்ட கான்கிரீட் தளம் இழுத்துக் கட்டிய துணிபோல நின்று சுமையைத் தாங்கியது.

தூணின் கதை வேறு. இன்னொரு சோதனையில் தூணுக்குப் பூச்சு கொடுத்தவர்கள், மேலே இணைப்புக்கு அருகில் சுமார் 20 சென்டிமீட்டரை வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்தத் துண்டு மட்டும் நசுங்கி, அதற்கு மேலிருந்த தளங்கள் எல்லாம் சுமார் 18 சென்டிமீட்டர் இறங்கிவிட்டன. தீப்பூச்சு அடிக்கும் இடத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்திலும், இணைப்பு வரை பூச்சு போயிருக்கிறதா? குழாய்க்காரரோ ஏசிக்காரரோ கிளாம்ப் மாட்டுவதற்காகச் சுரண்டியிருந்தால், திரும்பப் பூசினார்களா?

தீ அணைந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று உள்ளே போய்விடாதீர்கள். தொங்கிய பீம் குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது இணைப்பைப் பிடித்து இழுக்கும். கார்டிங்டனில் பீமை இணைப்பில் போல்ட் போட்டுப் பிடிக்கும் முனைத் தகடுகள் ஒரு பக்கமாகக் கிழிந்தது இந்தக் குளிரும் நேரத்தில்தான். சூடு முழுவதும் அடங்கி, முட்டு கொடுத்த பிறகே ஆய்வு.

ஆய்வுக்கு இடிபாடே சாட்சி. குப்பையை அள்ளுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். அலுமினிய ஜன்னல் சட்டம் உருகி ஒழுகியிருந்தால் அங்கே 600 டிகிரி கடந்திருக்கிறது. கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் குறைந்தது 300 டிகிரி. பெயிண்ட் கருகாமல் ஒட்டியிருந்தால் அந்த எஃகு பெரிதாகச் சூடாகவில்லை.

பிறகு நூல் பிடித்துப் பாருங்கள். சாதாரணக் கட்டுமான எஃகு குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய வலிமைக்குத் திரும்பிவிடும்; நேராக நிற்கும் பீமை அநேகமாக வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் கடினத்தன்மைச் சோதனை செய்யுங்கள், துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

போல்ட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 8.8, 10.9 வகை உயர்வலு போல்ட்டுகள் வெப்பப் பதம் கொடுத்து, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து வலுவேற்றிச் செய்தவை. ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பதம் கெடும், குளிர்ந்தாலும் திரும்பாது. பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். சூடுபட்ட இணைப்பில் எல்லாப் போல்ட்டையும் மாற்றுங்கள். பீமுக்கு அடியில் முட்டு கொடுத்து, ஒன்றைக் கழற்றி, புதியதை இறுக்கி, அதன் பிறகே அடுத்ததில் கை வையுங்கள்.