இயற்பியல் துறையில் ஒரு கேள்வி நேரம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பல்கலைக்கழக இயற்பியல் துறை ஒன்றின் அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் ஏதேனும் ஒரு சொற்பொழிவுக்கான தாள் ஒட்டப்பட்டிருக்கும். பேசுபவரின் பெயர், தலைப்பு, பத்து வரிச் சுருக்கம், நாள், நேரம், அரங்கு ஆகியவை அதில் இருக்கும். அந்தச் சுருக்கத்தில் பாதிச் சொற்கள் அடுத்த ஆய்வகத்தில் இருப்பவருக்கே புரியாமல் போவதுண்டு என்பதால், வெளியிலிருந்து வருபவர் அதைப் படித்துவிட்டு, இது நமக்கானது அன்று என்று நகர்ந்துவிடுகிறார். இத்தகைய கூட்டங்களைப் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்தவன் என்ற முறையில், அப்படி நகர்ந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

செமினார் என்பது ஒரே பொருளில் உழைக்கும் சிலர் கூடிப் பேசுவது. கொலோக்கியம் என்பது துறை முழுவதும் வந்து அமர்வது. பொதுச் சொற்பொழிவு என்பது எல்லோருக்கும் உரியது. இந்த மூன்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது, பேச்சு முடிந்தபின் வரும் கேள்வி நேரம்தான். பேச்சை அச்சில் படித்துக்கொள்ளலாம். கேள்வியை அந்த அரங்கில்தான் கேட்க முடியும்.

1925ஆம் ஆண்டின் இறுதியில் சூரிச் நகரில், அங்கிருந்த இரு பல்கலைக்கழகங்களின் இயற்பியலாளர்களும் சேர்ந்து நடத்திவந்த கொலோக்கியம் ஒன்றில், எர்வின் ஷ்ரோடிங்கர் பேசினார். எலக்ட்ரான் போன்ற பொருள்துகளுக்கும் அலைத்தன்மை உண்டு என்று லூயி டி பிராய் முன்வைத்திருந்த கருத்தை விளக்குவதே அன்று அவருக்குத் தரப்பட்ட வேலை. அவர் பேசி முடித்ததும், அவையிலிருந்த இயற்பியலாளர் பீட்டர் டெபை, அலையைப் பற்றி முறையாகப் பேச வேண்டுமானால் அதற்கு ஓர் அலைச்சமன்பாடு வேண்டுமே என்றார். அப்போது மாணவராக அந்த அரங்கில் இருந்த ஃபெலிக்ஸ் பிளாக், இந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். சில வாரங்கள் கழித்து ஷ்ரோடிங்கர் மீண்டும் அதே கொலோக்கியத்தில் எழுந்து, நண்பர் டெபை கேட்ட சமன்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னாராம். இன்று வேதிப்பிணைப்பு முதல் குறைகடத்தி வரை எதை விளக்கப் புகுந்தாலும் அந்தச் சமன்பாட்டின் துணை தேவைப்படுகிறது. டெபையின் வினா அரிய அறிவுநுட்பத்தால் எழுந்தது என்று நான் கருதவில்லை. அலை என்றால் சமன்பாடு எங்கே என்பது எந்த மாணவருக்கும் தோன்றக்கூடியது. தோன்றியதை அவர் வாய்விட்டுக் கேட்டார் என்பதே பெரிது.

கேள்வியை எதிர்பார்த்தே மேடையேறியவர்களும் உண்டு. 2011 செப்டம்பர் 23 அன்று, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் ஓபெரா குழுவினர் தங்கள் அளவீட்டை வெளியிட்டனர். அங்கிருந்து ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில் உள்ள கருவியை நியூட்ரினோக்கள் எனும் மிக நுண்ணிய துகள்கள் சென்றடைந்தபோது, ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட ஏறக்குறைய 60 நானோநொடி முன்னதாகவே வந்துவிட்டதாக அவர்களின் கணக்கு காட்டியது. ஒளியைவிட வேகமாக எதுவும் செல்ல முடியாது என்பதோ இயற்பியலின் அடிப்படை. எங்கே பிழை என்று எங்களுக்குப் புலப்படவில்லை, நீங்கள் சோதித்துப் பாருங்கள் என்ற நிலையில்தான் அவர்கள் அதை முன்வைத்தார்கள். தொலைவை எப்படி அளந்தீர்கள், கடிகாரங்களை எப்படி ஒத்திசைத்தீர்கள் என்று கேள்விகள் வரிசையாக எழுந்தன. அடுத்த ஆண்டு, சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை வடமே முதன்மைக் காரணம் என்று அந்தக் குழுவே கண்டறிந்தது. இதை அவமானம் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. தன் முடிவின் மீதான ஐயத்தை எல்லோர் முன்னிலையிலும் விரித்து வைக்கும் துணிவை இளம் ஆய்வாளர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் அரிது.

கேள்வி நேரம் தவறிப்போனதும் உண்டு. 1935 ஜனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகத்தில், 24 வயதுச் சந்திரசேகர், சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்ட விண்மீன் எரிபொருள் தீர்ந்தபின் வெள்ளைக் குறுமீன் எனும் சுருங்கிய சிறு விண்மீனாக அடங்கி ஓய முடியாது என்ற தம் முடிவை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்த புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டன் அதை எள்ளி நகையாட, அவையும் சேர்ந்து சிரித்தது. சந்திரசேகருக்கு மறுமொழி சொல்ல இடம் கிடைக்கவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு மாலையின் வலி பரிசால் ஈடாகக் கூடியதன்று. அவைத்தலைவராக அமரும் ஒவ்வொரு முறையும் இந்த நிகழ்ச்சி என் நினைவுக்கு வருகிறது. பேசியவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு, கேட்டவர் எவ்வளவு பெரியவராயினும், மறுக்கப்படக் கூடாது.

பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். 1851இல் ஃபூக்கோ, பாரிஸ் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை மக்கள் கண்முன் நிறுத்தினார். இன்றைய துறைகளில், திறந்த நாளன்று கூட்டம் அதிகம் சேர்வது பெரும்பாலும், கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் கலத்தின் முன்புதான். கண்ணாடிப் பெட்டியின் மேற்புறத்தில் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துண்டு. அடியில் கறுப்புத் தகடு. அதற்குக் கீழே சுழியத்துக்குக் கீழ் 78 டிகிரியில் உலர்பனிக் கட்டிகள். விளக்கை அணைத்துப் பக்கவாட்டில் ஒளியைச் செலுத்தினால், முதலில் மூடுபனி போல ஒன்று மட்டுமே தெரியும். சில நிமிடம் பொறுத்தால், சிலந்தி இழை போன்ற வெண்கோடு ஒன்று தோன்றி, ஒரு மூச்சுக்குள் கரைந்துவிடும். தடித்துக் குட்டையாக இருப்பவை, கதிரியக்கப் பொருள்கள் உமிழும் ஆல்பாத் துகள்களின் தடங்கள். நெடுகிலும் நேராக ஓடுபவற்றுள் பல, விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் எனும் துகள்களுடையவை.

ஒருமுறை அந்தப் பெட்டியருகே நின்ற பள்ளி மாணவி ஒருத்தி, இந்த மியூவான் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று கேட்டாள். சராசரியாக ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு என்று ஆய்வு மாணவர் சொன்னார். கையிலிருந்த தாளின் பின்புறத்தில் ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, அப்படியானால் 660 மீட்டர்தானே வர முடியும், மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது இங்கே எப்படி வந்தது என்றாள் அவள். வேகமாகச் செல்லும் துகளின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது என்ற சிறப்புச் சார்பியலின் சேதியை, அன்று அந்த மேசையருகே நின்ற இருபது பேரும் அவள் கேள்வியின் வழியாகவே கேட்டறிந்தார்கள். எத்தனை படக்காட்சிகள் போட்டிருந்தாலும் அந்தக் கவனம் கிடைத்திருக்காது.

ஆகவே, பேச வரும் இளைஞர்களிடம் நான் வற்புறுத்துவது, முதல் பதினைந்து நிமிடம் அரங்கின் கடைசி வரிசைக்கு உரியது என்பதைத்தான். முதல் கேள்வி மாணவருடையதாக இருக்கட்டும் என்ற வழக்கம் பல துறைகளில் உண்டு. நாங்களும் அதைப் பின்பற்றுகிறோம். கேள்விகள் உண்டா என்று கேட்டபின் அரங்கில் ஓர் அமைதி நிலவும். மூத்தவர்களின் கைகள் உடனே உயரும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அரை நிமிடமானாலும், ஒரு நிமிடமானாலும், பின்வரிசையைப் பார்த்தபடி காத்திருப்பேன். அந்த வரிசையில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.