மனநல வார்டுல சிஸ்டருக்கு என்ன வேலை?

[காட்சி: ராத்திரி 8 மணி. வார்டு டேபிள், மாத்திரை ட்ரே, தண்ணி டம்ளர். நடிகர்களை வெச்சு எடுத்தது.]

குரல்: பிபி பார்க்கணும், மாத்திரை கொடுக்கணும், மீதி நேரம் சேர்ல உட்கார்ந்திருக்கணும். மனநல வார்டு சிஸ்டரைப் பத்தி, கூட இருக்க வர்ற சொந்தக்காரங்க பாதிப் பேரு இப்படித்தான் நினைக்கிறாங்க. உட்கார்ந்தபடி அவங்க எதைக் கவனிக்கிறாங்கன்னு பார்ப்போம்.

[காட்சி: சிஸ்டரும் நோயாளியும்.]

சிஸ்டர்: முழுங்கிட்டீங்களாண்ணா? வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க.

நோயாளி: என் மேல நம்பிக்கை இல்லையா சிஸ்டர்?

சிஸ்டர்: எல்லாருக்கும்தாண்ணா பார்க்கிறேன். சாயங்காலம் வீட்ல இருந்து யாரு வந்தாங்க?

குரல்: கன்னத்துல ஒதுக்கி வெச்சு, பாத்ரூம்ல துப்புறவங்க உண்டு. துப்பாம சேர்த்து வெச்சு ஒரே நாள்ல போட்டுக்கிறவங்களும் உண்டு. அதான் இந்தப் பேச்சு. பேசிட்டே அஞ்சு நிமிஷம் பக்கத்துல நின்னா மாத்திரை உள்ள போயிரும்.

[காட்சி: கழுத்து ஒரு பக்கமா இழுக்கிற வரைபடம்.]

குரல்: மனநோயோட வேகத்தை அடக்கப் போடுற ஹாலோபெரிடால் ஊசி போட்ட சிலருக்குக் கழுத்து திருகிக்கும், கண்ணு மேல சொருகிக்கும், தாடை இறுகிக்கும். "சாமி வந்துருச்சு"ன்னு குடும்பம் கும்பிட ஆரம்பிச்சிடும். அது மருந்தோட பக்கவிளைவு. சிஸ்டர் உடனே டாக்டரைக் கூப்பிடுவாங்க. புரோமெத்தசின் ஊசி போட்டா கொஞ்ச நேரத்துல இறுக்கம் விட்டுடும். மூச்சுக்குழாய்ப் பக்கம் இறுகினா உயிருக்கே ஆபத்து, அதனால காத்திருக்கக் கூடாது.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, பஸ்.]

குரல்: மனநிலை ரொம்ப ஏறி இறங்குறவங்களுக்குக் கொடுக்கிற லித்தியம் மாத்திரை இன்னும் நுணுக்கம். ரத்தத்துல அதோட அளவு பொதுவா லிட்டருக்கு 0.6-லிருந்து 1.2 மில்லிமோலுக்குள்ள இருக்கணும், 1.5 தாண்டினா விஷம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சுதான் ரத்தம் எடுக்கணும். ஆனா ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே கை நடுக்கம், வாந்தி, பேதி, தள்ளாட்டம் சொல்லிடும். சேலம் சித்திரை வெயில்ல வேர்த்துக் கொட்டி, தண்ணியும் சரியா குடிக்கலேன்னா அளவு தானா ஏறும். ஏற்காட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து ஒருத்தர் வாந்தி எடுத்தா, எல்லாரும் "பஸ் வாந்தி"ன்னு விட்டுடுவாங்க. அனுபவமுள்ள சிஸ்டர் முதல்ல "கையை நீட்டுங்க"ன்னு நடுக்கம் பார்ப்பாங்க. அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி வெச்சுட்டு டாக்டருக்குச் சொல்லுவாங்க.

[காட்சி: 2017 சட்டப் புத்தகம், 97-வது பிரிவு.]

குரல்: கட்டிப் போடுறதைப் பத்தி. 2001-ல ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில, காப்பகத்துல சங்கிலியில கட்டியிருந்த மனநோயாளிங்க 28 பேர் தீயில கருகினது நம்ம தமிழ்நாட்டுலதான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சங்கிலி கூடவே கூடாது, தனி அறையில அடைக்கவும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேற வழியே இல்லேன்னாதான், பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதியோட, தேவையான நேரம் மட்டும் கட்டலாம். ஏன், எப்படி, எவ்வளவு நேரம்னு எழுதணும், நோயாளி நியமிச்ச பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். தண்டனையா கட்டக் கூடாது, ஆள் பத்தலேன்னும் கட்டக் கூடாது. நைட் டியூட்டியில எத்தனை சிஸ்டர் இருக்காங்கன்னு எண்ணிப் பார்த்தா, இந்தக் கடைசி வரி எவ்வளவு கஷ்டமானதுன்னு புரியும்.

[காட்சி: டிஸ்சார்ஜ். ஒரு மனைவி மாத்திரைச் சீட்டோட.]

மனைவி: அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுத்துடட்டுங்களா சிஸ்டர்?

சிஸ்டர்: வேண்டவே வேண்டாம்மா. இது டைசல்ஃபிராம், குடியை நிறுத்தக் கொடுக்கிற மாத்திரை. தெரியாம சாப்பிட்டுட்டு அவரு போய்க் குடிச்சா, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிபி இறங்கி ஆளே போயிடலாம். அவருக்குத் தெரிஞ்சு, அவரே ஒத்துக்கிட்டுப் போடுற மாத்திரைம்மா. ராத்திரியில ஏதாச்சும் சந்தேகம்னா அரசு மனநல உதவி எண் 14416-க்கு அடிங்க, காசு கிடையாது. உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுச்சுன்னா 108.