பார்வைக் கௌதாரி

நேயர்களுக்கு வணக்கம். கௌதாரி பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பழக்கிய கௌதாரி ஒன்றைக் கூண்டோடு புதரோரம் வைத்துவிட்டு, சுற்றிலும் கண்ணி விரிப்பார்கள். உள்ளே இருப்பது கூப்பிடும். காட்டுக் கௌதாரி வந்து மாட்டும். அந்தக் கூண்டுப் பறவைக்குப் பெயர் 'பார்வை'.

2009 டிசம்பர் கடைசியில், அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கியுமின் லீ, ஜேம்ஸ் கேவர்லீ குழுவினர், விளம்பரத்தையும் மோசடி இணைப்புகளையும் அள்ளி வீசும் பொய்க் கணக்குகளைப் பிடிக்க இதையே ட்விட்டரில் செய்தார்கள். 60 கணக்குகளைத் தொடங்கி, அவை தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும்படி விட்டார்கள். அவை வெளியாள் யாரையும் பின்தொடரவில்லை, யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. இப்படி ஒரு கணக்கை வேலைமெனக்கெட்டு யார் தேடி வருவார்கள்? வந்தார்கள். ஏழே மாதத்தில் சுமார் 36,000 கணக்குகள்!

இப்படிச் சிக்கியவற்றையும் ஒழுங்கான கணக்குகளையும் அருகருகே காட்டித்தான், எது பொய் எது நிஜம் என்று பிரித்தறிய இயந்திரத்துக்கு, அதாவது ஒரு கணினி நிரலுக்கு, பாடம் நடந்தது. அது எழுத்தை மட்டும் பார்க்கவில்லை. கணக்கு தொடங்கி எத்தனை நாள், எத்தனை பேரைப் பின்தொடர்கிறது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறதா என்றெல்லாம் பார்த்தது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நாம் பின்தொடர்வோரின் எண்ணிக்கை மெல்ல ஏறும், அப்படியே நிற்கும். பொய்க் கணக்குக்காரர்களுடையது ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். நூறு பேரைப் பின்தொடர்வது, பதிலுக்கு அவர்கள் வந்ததும் கழற்றிவிடுவது, அப்புறம் அடுத்த நூறு. பேச்சை மாற்றுவது எளிது. பிழைப்பே இந்த ஏற்ற இறக்கத்தில் இருக்கும்போது அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

சோதனையில் 98 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுபிடித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு லட்சம் கணக்கில் 5,000 பொய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் நூற்றுக்கு இரண்டு தப்பினால், பொய்க் கணக்கு 4,900 சிக்கும். கூடவே நல்ல கணக்கு 1,900 சிக்கும்.

அப்படிச் சிக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில், வீட்டிலேயே சுங்குடிச் சேலை விற்கும் அக்கா. தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரே படத்தை முப்பது குழுக்களில் அரை மணி நேரத்துக்குள் போட்டார், கணக்கு முடங்கியது. "நான் என்ன கள்ளக் கணக்கா தம்பி?" என்று போனை நீட்டினார். இயந்திரத்தின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? முறையீடு செய்யும் பொத்தானைத் தேடி அழுத்திக் கொடுத்தேன். கணக்கு திரும்பி வர ஒன்பது நாளாயிற்று. அதற்குள் தீபாவளி முடிந்திருந்தது.