எந்த ஆர்பிஎம்முக்கு எந்த கேம்?

வணக்கம் நேயர்களே. இன்ஜினில் பவர் ஏற்ற வேண்டும் என்றதும் பலரும் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாஃப்டில்தான் (சுருக்கமாக கேம்) கை வைக்கிறார்கள். அதுவும் இருப்பதிலேயே பெரிய கேமாகப் பார்த்து வாங்குகிறார்கள். அப்படி வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

செவர்லேயின் 350 வி8 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 1967-இல் கமாரோ காரில் வந்தது, 5.7 லிட்டர். இதற்கு 270 டிகிரி டியூரேஷன் உள்ள, அதாவது கிராங்க் 270 டிகிரி சுற்றும்வரை வால்வைத் திறந்து வைக்கும் கேம் போடுகிறோம். லோப்களுக்கு, அதாவது வால்வைத் தள்ளும் மேடுகளுக்கு, இடையிலான கோணம் 110. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் ஓவர்லேப் 50 டிகிரி வரும். அதே கோணத்தில் 300 டிகிரி கேம் போட்டால் 80 ஆகிவிடும். இந்த 80-தான் வினை. ஐடிலிங்கில் எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பி ஏறும், வண்டி உதறும். மேனிஃபோல்டில், அதாவது கலவை உள்ளே போகும் குழாயில், வேக்குவம் குறையும். பவர் பிரேக் அந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது. சிக்னலில் பெடலை மிதித்தால் கல் மாதிரி இருக்கும். ஆறாயிரம் ஆர்பிஎம்மில் கதையே வேறு: வெளியேறும் புகையே புதுக் கலவையை உள்ளே இழுத்துக் கொடுக்கும். ரேஸ் டிராக்கில் அது வரம்.

இன்னொன்று. டியூரேஷன் கூடக்கூட இன்டேக் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே வரும்போது கலவையில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிவிடும். எழுபதுகளின் 350-களில் பெரும்பாலும் கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்) 8.5 அளவுதான். அதில் 300 டிகிரி கேம் போட்டால் கீழ் ஆர்பிஎம்மில் பிக்கப்பே இருக்காது. அதனால் கம்ப்ரஷன், வண்டியின் எடை, டிஃபரன்ஷியல் ரேஷியோ, ஆட்டோமேட்டிக் என்றால் கன்வெர்ட்டரின் ஸ்டால் வேகம் (பிரேக்கில் வண்டி நகராமல் நிற்கும்போது இன்ஜின் எட்டக்கூடிய ஆர்பிஎம்), இவற்றை முதலில் எழுதி வையுங்கள். கேமைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். இரண்டுக்கு நடுவில் குழப்பமா? தெருவில் ஓடும் வண்டிக்கு என் ஓட்டு எப்போதும் சின்னதற்கே.

1989-இல் ஹோண்டா விடெக் என்ற தன் வால்வு அமைப்பில் ஒரே கேமில் இரண்டு வகை லோப் வைத்தது, கீழ் ஆர்பிஎம்முக்கு ஒன்று, மேல் ஆர்பிஎம்முக்கு ஒன்று என்று. 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன்! பழைய வி8-இல் அந்த வசதி இல்லை, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

வால்வு ஸ்பிரிங்கையும் கேமுக்குப் பொருத்தமாக மாற்றுங்கள். ஃபிளாட் டேப்பட் கேம் (உருளை இல்லாத டேப்பட் லோப் மேல் உரசி ஓடும் வகை) என்றால் துத்தநாகம் கலந்த ஆயில் ஊற்றி, முதல்முறை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேலே சுமார் 20 நிமிடம் ஓட விடுங்கள். அந்த முதல் ஓட்டத்தில்தான் லோப் தேய்ந்துபோகும் ஆபத்து அதிகம்.