இணைய வேகம்: எத்தனை எம்பிபிஎஸ் போதும்?

நேயர்களுக்கு வணக்கம்.

வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில், விடுமுறை நாளானால் குடை விரித்து இணைய இணைப்பு விற்கிறார்கள். நூறு எம்பிபிஎஸ்ஸா (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்னும் வேகக் கணக்கு), இருநூறா, முந்நூறா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. வீட்டில் எத்தனை பேர், இணையத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பாரில்லை. நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள நொடிக்கு 2 மெகாபிட்டாவது வேண்டும் என 2023இல் மத்திய அரசு வரையறுத்தது. அது ஒரு குடும்பத்துக்குக் காணாது. முழு எச்டி படத்துக்கு 5 மெகாபிட் போதும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ். அதைவிடத் துல்லியமான 4கே படம் என்றால் 15. வீடியோ கூட்டத்துக்கு 3 அல்லது 4. தாத்தா கூடத்தில் சீரியல் பார்க்க, மருமகள் அலுவலகக் கூட்டத்தில் இருக்க, பேத்தி இணைய வகுப்பில் உட்கார்ந்தாலும் 15ஐத் தாண்டாது. நாற்பது இருந்தால் தாராளம். மகன் 50 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்கினால் மட்டும் வித்தியாசம் தெரியும்: நாற்பதில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், இருநூறில் அரை மணிக்குச் சற்று மேல். என்றைக்கோ செய்யும் வேலைக்கு மாதாமாதம் கூடுதல் பணம் எதற்கு?

பிறகு ஏன் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது? பெரும்பாலும் வீட்டுக்குள் வைஃபை அலையைப் பரப்பும் பெட்டியான ரௌட்டர் இருக்கும் இடம்தான் காரணம். ஒயர் நுழைகிற வாசல் பக்கமாக, டிவி அலமாரிக்குப் பின்னால் அதைச் செருகிவிடுகிறார்கள். தூசி படியாமல் துணி போட்டு மூடுகிறவர்களும் உண்டு! படுக்கையறைக்கு அலை போய்ச் சேர இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ. வைஃபை அலையில் இரண்டு வகை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும். அங்கோ அக்கம்பக்கத்து வீடுகளின் அலைகள் முட்டி மோதுகின்றன.

ரௌட்டர் பக்கத்தில் நின்று ஒருமுறை, படுக்கையறையில் ஒருமுறை வேகத்தைச் சோதியுங்கள். பக்கத்தில் சரியாக இருந்து உள்ளே விழுந்தால், திட்டத்தை மாற்றிப் பயனில்லை. பெட்டியைக் கூடத்தின் நடுவே, உயரத்தில் வையுங்கள். பக்கத்திலேயே தொண்ணூற்றுச் சொச்சத்தில் நின்றுவிடுகிறதா? ரௌட்டரில் ஒயர் செருகும் போர்ட்டே நூறு மெகாபிட்டுக்கு மேல் தாங்காத போர்ட்டாக இருக்கலாம். அப்படியானால் இருநூறுக்குப் பணம் கட்டுவது வீண். இரவு ஒன்பது மணிக்கு மட்டும் வேகம் படுத்துவிட்டால், நெரிசல் நிறுவனத்தின் பக்கம். புகார் எண்ணை அழைக்க வேண்டியதுதான்.

குடைக்காரரிடம் பதிவேற்ற வேகம் எவ்வளவு என்றும் கேளுங்கள். வீடியோ அழைப்பில் உங்கள் முகம் எதிர்முனைக்குப் போவது அதில்தான்.