ஈவு என்பது சம்பளம் அல்ல

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, பட்டுக்கோட்டைப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டுக் காலமெல்லாம் வாழ, பங்குகளில் இருந்து வரும் ஈவுத்தொகை, அதாவது கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம், போதுமா, போதாதா? இதுதான் தலைப்பு. போதும் என்று அண்ணன் பேசினார். போதாது என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

அண்ணன் ஓர் உவமை சொன்னார். நல்ல கம்பெனியின் பங்கு தென்னை மாதிரியாம். ஒரு தடவை வைத்துவிட்டால் போதும், அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து வெட்டு வெட்டாகக் காசு பார்க்கலாம் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். வேறு எந்த ஊரிலாவது இதைச் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இந்த மண்ணில் நின்றுகொண்டு, தென்னை இருந்தால் போதும் என்று எப்படி அண்ணா சொல்ல முடியும்?

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்பே கஜா புயல் கரையைக் கடந்தது. பேராவூரணி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று பார்த்த இடமெல்லாம் தோப்பு சாய்ந்து கிடந்தது. அப்பா வைத்த மரம், தாத்தா வைத்த மரம், எல்லாம் ஒரே ராத்திரியில். புதுக் கன்று வைத்தால் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அந்த ஆறேழு வருஷம் எந்த வீட்டில் அடுப்பு எரிந்தது? ஒரு பிள்ளை திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருந்த வீட்டில் எரிந்தது. தோப்பை மட்டும் நம்பி இருந்தவர்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எங்கள் அணி தென்னைக்கு எதிரி இல்லை. பங்குக்கும் எதிரி இல்லை. மரம் வையுங்கள், நிறைய வையுங்கள். அது காய்க்கிறது என்பதற்காகக் கையில் இருக்கும் வேலையை நாற்பத்தைந்தில் விட்டுவிடாதீர்கள் என்கிறோம். அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சொல்லைப் பாருங்கள். டிவிடெண்டுக்கு நாம் வைத்த பேர் ஈவு. அதன் வேர் 'ஈ'. நம் இலக்கணத்தில் ஈ, தா, கொடு என்று கேட்பதற்கு மூன்று சொல் உண்டு. தன்னைவிடத் தாழ்ந்தவரிடம் கேட்கும்போது கொடு. தனக்குச் சமமானவரிடம் கேட்கும்போது தா. தன்னைவிட உயர்ந்த இடத்தில் இருப்பவரிடம் கையேந்திக் கேட்கும்போதுதான் ஈ. நடுவர் அவர்களே, மாதச் சம்பளம் நாம் செய்த வேலைக்கான கூலி. அது தாமதமானால் கேட்கலாம், தொழிலாளர் நீதிமன்றம் வரை போகலாம். ஈவுத்தொகை அப்படியா? இயக்குநர் குழு கூடி, இந்த வருஷம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தால் வரும். வேண்டாம் என்று முடிவெடுத்தால் வராது. லாபம் வந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சாதாரணப் பங்குதாரருக்கு எந்தச் சட்டமும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஹாங்காங்கில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 1865இல் தொடங்கிய வங்கி எச்எஸ்பிசி. அந்த ஊர் மக்கள் அதை யானை என்றே கூப்பிடுவார்கள். நம் வீடுகளில் பேத்திக்குத் தங்கக் காசு சேர்ப்பது போல, அங்கே தாத்தா பாட்டிகள் அந்த வங்கியின் பங்கைச் சேர்த்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈவுத்தொகை வரும். வேலையை விட்டவர்கள் அதை ஓய்வூதியம் மாதிரி நினைத்து வாழ்ந்தார்கள். வங்கியின் தலைமையகம் 1993இலேயே லண்டனுக்குப் போய்விட்டிருந்தது. அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

2020 மார்ச் கடைசியில், கொரோனா பரவிய நேரத்தில், பெரிய வங்கிகள் ஈவுத்தொகையை நிறுத்த வேண்டும் என்று பிரிட்டனின் மத்திய வங்கி கேட்டுக்கொண்டது. எச்எஸ்பிசி ஏற்கெனவே அறிவித்திருந்த ஈவையே ரத்து செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த வங்கி வரிக்கு முன் சம்பாதித்த லாபம் 1,300 கோடி டாலருக்கு மேல். வங்கி நொடித்துப் போகவில்லை. பங்கு வைத்திருந்தவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கோ லண்டனில் ஒரு அதிகாரி எழுதிய கடிதத்தில், ஹாங்காங்கில் ஒரு பாட்டியின் மளிகைக் காசு நின்றுபோனது. மறுபடி ஈவு அறிவிக்க 2021 பிப்ரவரி ஆனது.

அது அந்நிய நாட்டுக் கதை, நம் நாட்டில் அப்படி நடக்காது என்று அண்ணன் சொல்லக்கூடும். அடுத்த மாதமே நடந்தது. 2020 ஏப்ரல் 17ஆம் தேதி, 2019-20 நிதியாண்டின் லாபத்திலிருந்து எந்த வங்கியும் ஈவுத்தொகை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நெருக்கடியில் வங்கியின் கையில் பணம் இருக்க வேண்டும் என்பது காரணம். சரியான முடிவுதான், நான் குறை சொல்லவில்லை. வங்கியைக் காப்பாற்றுவது அவர்கள் கடமை. நாற்பத்தைந்தில் வேலையை விட்டவரின் வீட்டைக் காப்பாற்றுவது அவர்கள் கடமை இல்லையே!

சரி, கணக்குக்கு வருவோம். மாதம் 50,000 ரூபாய் இருந்தால் ஒரு குடும்பம் ஓரளவு வாழலாம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 6 லட்சம். நம் நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலையை வைத்துப் போடும் குறியீடு நிஃப்டி. அதில் இருக்கும் ஐம்பது கம்பெனிகளையும் சேர்த்து வாங்கினால், போட்ட பணத்துக்கு ஈவாக வருவது அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்றேகால் சதவீதம். அப்படியானால் 6 லட்சம் வர, 4 கோடியே 80 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வேண்டும். நாற்பத்தைந்து வயதில், வீட்டுக் கடனும் கட்டிக்கொண்டு, இதை யார் சேர்க்க முடியும்?

இதற்கு எதிரணியிடம் ஒரு பதில் இருக்கிறது. ஐந்து, ஆறு சதவீதம் ஈவு தரும் பங்காகப் பொறுக்கி வாங்கு, ஒரு கோடியே போதும் என்கிறார்கள். இளைஞர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்த சதவீதம் எப்படி வருகிறது? கம்பெனி கடந்த ஒரு வருஷத்தில் கொடுத்த ஈவை இன்றைய விலையால் வகுத்தால் வருகிறது. நூறு ரூபாய்ப் பங்குக்கு நாலு ரூபாய் ஈவு என்றால் நாலு சதவீதம். கம்பெனிக்கு ஏதோ ஆபத்து என்று சந்தை பயந்து, விலை ஐம்பதுக்கு விழுந்தால் அதே நாலு ரூபாய் எட்டு சதவீதமாகத் தெரியும். ஆக, பெரிய சதவீதத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், விலை ஏன் விழுந்தது என்று பார்க்க வேண்டும். நாம் வாங்கப்போவது வரப்போகும் ஈவை. நம் கண்ணுக்குத் தெரிவது போன வருஷத்து ஈவு.

2022-23இல், சுரங்கமும் உலோகமும் தொழிலாகக் கொண்ட வேதாந்தா நிறுவனம் ஒரு பங்குக்கு மொத்தம் 101 ரூபாய் 50 பைசா ஈவு கொடுத்தது. ஒருவரிடம் 6,000 பங்கு இருந்தால் 6 லட்சத்து 9 ஆயிரம் ரூபாய். நான் சொன்ன அந்தக் குடும்பம் கவலையில்லாமல் வாழலாம். அடுத்த நிதியாண்டில் அதே நிறுவனம் கொடுத்தது 29 ரூபாய் 50 பைசா. அதே 6,000 பங்குக்கு 1 லட்சத்து 77 ஆயிரம். மாதம் 50,750 ரூபாயாக இருந்தது 14,750 ஆகிவிட்டது. கம்பெனி எந்த விதியையும் மீறவில்லை. உலோக விலை ஏறும், இறங்கும், அதற்கேற்ப ஈவும் மாறும். வீட்டு வாடகை அதற்கேற்ப இறங்குமா?

ஒரே கம்பெனியை நம்பினால் அப்படித்தான், இருபது கம்பெனியில் பிரித்துப் போட வேண்டும் என்பீர்கள். நல்ல யோசனை. ஆனால் பிரிக்கப் பிரிக்க நாம் மறுபடி அந்த ஒன்றேகால் சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் போய் நிற்போம்.

அண்ணன் சொன்ன ஒன்றை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். நல்ல கம்பெனிகளின் ஈவு வருஷா வருஷம் வளரும் என்றார். உண்மை. விலைவாசியைத் தாண்டி வளர்ந்த கம்பெனிகள் உண்டு. வங்கி வைப்புநிதிக்கு அந்தக் குணம் கிடையாது. ஆனால் அந்த வளர்ச்சி எப்போது கைக்கு வரும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. நம் கம்பெனிகள் பலவும் வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் ஈவு தரும், பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில். பள்ளிக்கூடம் ஜூனிலேயே கட்டணம் கேட்டுவிடும். அறுபதில் ஓய்வு பெற்றவருக்குப் பிள்ளைகள் தலையெடுத்திருப்பார்கள், ஒரு மோசமான வருஷத்தை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓட்டிவிடலாம். நாற்பத்தைந்தில் விட்டவருக்கு மகள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பாள்.

அப்புறம் எத்தனை வருஷம் ஓட்ட வேண்டும்? எண்பத்தைந்து வயது வரை வாழ்ந்தால் நாற்பது வருஷம். வருமான வரிக் கணக்குக்காக அரசு வெளியிடும் பணவீக்கக் குறியீடு 2001-02இல் 100. 2025-26க்கு அது 376. இதே வேகத்தில் போனால் இன்றைய 50,000 ரூபாய்ச் செலவு இன்னும் 24 வருஷத்தில் 1 லட்சத்து 88 ஆயிரம். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. மருத்துவச் செலவு அதிகமாகும் காலம். வேலையோடு சேர்ந்து வந்த குழு மருத்துவக் காப்பீடு, வேலையை விட்ட நாளோடு போயிருக்கும்.

வரியும் அப்படித்தான். 2020 மார்ச் வரை ஈவுத்தொகைக்கான வரியைக் கம்பெனியே கட்டியது. அந்த ஏப்ரல் 1 முதல் வாங்குகிறவர் தன் வருமானத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒரே பட்ஜெட்டில் மாறிவிட்டது. இப்போது புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை, சரி. நாற்பது வருஷத்துக்கும் அப்படியே இருக்கும் என்று எந்த நிதியமைச்சர் எழுதிக் கொடுப்பார்?

நடுவர் அவர்களே, இதையெல்லாம் நான் எங்கோ படித்துவிட்டு வந்து ஒப்பிக்கவில்லை. என் சித்தப்பா 2018இல், நாற்பத்தாறு வயதில், ஒரு தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கினார். இருபது வருஷம் ஷிப்டு பார்த்தவர், முதுகு வலி. இனி என் நேரம் எனக்கு என்று சொன்னார். அந்த ஆசையைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. வந்த பணத்தில் பெரும்பகுதியைப் பங்கில் போட்டார், அதிலும் பெரும்பகுதி வங்கிப் பங்குகள். வங்கி எங்கே போய்விடும் என்பார். முதல் வருஷம் ஈவு வந்தது. சித்தியிடம் பாஸ்புக்கைக் காட்டிச் சிரித்தது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

2020 வந்தது. ஜனவரியில் 12,400ஐத் தொட்ட நிஃப்டி மார்ச் 23 அன்று 7,600க்குப் பக்கம் வந்துவிட்டது. ஏப்ரலில் வங்கி ஈவு கிடையாது என்றாகிவிட்டது. மே மாதம் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். வேறு வழியில்லாமல், அடிமட்ட விலையில், பங்குகளில் பாதியை விற்றார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது என்பார்களே, அதுதான். அவர் விற்ற பங்குகளின் விலை அடுத்த வருஷமே நன்றாக ஏறிவிட்டது. சம்பளம் என்று ஒன்று வந்துகொண்டிருந்தால் அவர் அன்றைக்கு விற்றிருக்கவே மாட்டார். பங்கு அவரைக் கைவிடவில்லை நடுவர் அவர்களே. அது திரும்பி எழும் வரை காத்திருக்க அவருக்குக் கையில் வருமானம் இல்லை.

எதிரணி அண்ணன், வேலை என்பது அடிமைத்தனம் என்று பேசினார். பிடிக்காத வேலை அப்படித்தான் இருக்கும். பங்கு சேர்த்தவர் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று இருக்கிறது. ராத்திரி ஷிப்டு வேண்டாம் என்று சொல்லலாம். சம்பளம் குறைந்தாலும் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு வேலைக்கு வந்துவிடலாம். மேலதிகாரி அவமானப்படுத்தினால் மறுநாளே எழுந்து வரலாம், ஆறு மாதம் வேறு வேலை தேடலாம். அந்தத் தைரியத்துக்கு 4 கோடியே 80 லட்சம் வேண்டாம். கொஞ்சம் பங்கும், வருஷா வருஷம் வரும் ஈவில் மறுபடி பங்கு வாங்கும் பழக்கமும் போதும்.

சித்தப்பா இப்போது நம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை. முதுகு வலி இல்லை. இன்று ஆலையிலிருந்து நேராக வந்து அதோ நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கதையை மேடையில் சொல்லட்டுமா என்று நேற்று கேட்டேன். "சொல்லு, ஆனா பங்கு கெட்டதுன்னு மட்டும் சொல்லிடாதே. மிச்சம் இருந்ததை நான் இன்னும் வச்சிருக்கேன்" என்றார். ஆமாம், வைத்திருக்கிறார். 2021க்குப் பிறகு அதில் வந்த ஈவில் ஒரு ரூபாயைக்கூட அவர் வீட்டுச் செலவுக்கு எடுக்கவில்லை. மளிகைக் கடைக்காரருக்கு அரிசி ஆலைச் சம்பளம் போகிறது.

நன்றி, வணக்கம்.